கால் ஊன்றாமல் மிதக்கக் கற்றுக்கொடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரும் ஜனவரியில் அவள் வகுப்பு மாணவர்களை மகாராஷ்டிரக் கொங்கண் கரையிலுள்ள மால்வணுக்கு அழைத்துச் சென்று, கடலில் இறக்கி, ஸ்நார்க்கெல் குழாய் வழியே மூச்சுவிட்டபடி பவளப்பாறைகளைப் பார்க்க வைக்கப் போகிறார்களாம். அவளுக்கு நீச்சல் அரைகுறையாகத்தான் தெரியும். பெற்றோர் கையெழுத்துக் கேட்டு வந்த படிவம் ஒரு வாரமாகப் பூஜை அலமாரியிலேயே இருக்கிறது. அனுப்பலாமா?
– ஒரு தாய், செம்பூர்

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஆனால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கல்லூரியிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: கடலில் இறங்குமுன் பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்தில் எத்தனை நாள் பயிற்சி தரப்போகிறார்கள்?

நான் ஆசிரியையாக இருந்த காலத்தில், சிந்துதுர்க் கோட்டையை ஒட்டிய அதே கடலுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒருமுறை, பயிற்சி ஏதும் இல்லாமல் நேரே படகிலிருந்து இறக்கிவிட்டோம். ஒரு மாணவியின் முகமூடிக்குள் ஒரு மடக்கு அளவுகூட இல்லாத தண்ணீர் புகுந்தது. மூக்கில் உப்புநீர் ஏறியதும் அவள் பதறி, குழாயைத் துப்பிவிட்டு, தரை எட்டும் என்று நினைத்துக் காலை ஊன்றினாள். கால் பட்டது, தட்டுப்போல விரிந்திருந்த ஒரு பவளத்தின் விளிம்பில். அது அப்பளம்போல நொறுங்கியது. உடைந்த இடம் சுண்ணாம்பாக வெளுத்துத் தெரிந்தது. அவள் முழங்காலில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்து, அது பத்து நாள் ஆறாமல் சீழ்வைத்தது. அந்தத் தவறு அவளுடையதாகாது. பழக்காமல் கூட்டிச் சென்ற எங்களுடையது. அந்தக் கடலில் காணப்படும் உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், ஒரு குடத்தளவு திட்டுக்கு ஏறக்குறைய உங்கள் மகளின் வயதிருக்கும்.

பிள்ளையின் பாதுகாப்புக்கும் பவளத்தின் பாதுகாப்புக்கும் ஒரே பாடம்தான், பதறாமல் மிதப்பது. முகமூடிக்குள் நீர் புகுந்தால் முகத்தைச் சற்றே நிமிர்த்தி, மேல் விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டு மூக்கால் மூச்சை வெளியே விட்டால், நீர் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடும். குழாயில் புகுந்த நீரை வாயால் ஒரே ஊதலில் வெளியேற்றலாம். இவ்விரண்டையும் இடுப்பளவு குளத்து நீரில் இருபது முப்பது முறை செய்து பழகியவர்கள், கடலில் காலை ஊன்ற இடம் தேடமாட்டார்கள். கண்ணும் அங்கே ஏமாற்றும் என்பதை அவளிடம் சொல்லுங்கள்: முகமூடி வழியே பார்க்கும்போது பொருள்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உண்மையான தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதாகவும் தெரியும். 2 மீட்டர் ஆழத்தில் இருப்பது ஒன்றரை மீட்டரில் இருப்பதுபோலத் தோன்றும்.

மிதவைச் சட்டையைப் படகில் ஏறுவதற்கு முன்பே அணிய வேண்டும். அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் ஏற்க வேண்டாம். 2022 மே மாதம் மால்வணை அடுத்த தார்கர்லியில் சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து இருவர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. ஜனவரி நல்ல காலம்தான். கடல் கொந்தளிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே யாரும் இறங்குவதில்லை. இன்னும் ஒன்று, குறிப்பாக நன்றாக நீந்தும் பையன்களுக்கு: யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால், இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து மூச்சுமுட்டும் உணர்வே தாமதமாகும். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும்.

கேள்வி: நான் மைனஸ் நான்கு பவர் கண்ணாடி அணிபவன். அதைப் போட்டுக்கொண்டு முகமூடி மாட்டலாமா?
– கல்லூரி மாணவர், முலுண்ட்

பதில்: கூடாது. கண்ணாடியின் காதுக்கம்பி, முகமூடியின் ரப்பர் விளிம்பு முகத்தில் படியாமல் தடுத்து நீரை உள்ளே விடும். பவர் கண்ணாடி பொருத்திய முகமூடிகள் கிடைக்கின்றன, கிளம்புமுன் விசாரியுங்கள். கான்டாக்ட் லென்ஸுடன் இறங்கினால் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு உண்டு.

கேள்வி: மீன்கள் அருகில் வருவதற்காகப் படகுக்காரர்கள் ரொட்டித் துண்டுகளைப் போடுகிறார்கள். மாணவர்கள் அதைச் செய்யலாமா? இறந்து கரை ஒதுங்கிய பவளத் துண்டுகளை ஆய்வகத்துக்கு எடுத்துவரலாமா?
– ஆசிரியர், வாஷி

பதில்: இரண்டும் கூடாது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு தயாரிக்கும் உணவே அதற்கு முதன்மையான ஆகாரம். அதனால் பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். பாறைமேல் படரும் வேறு பாசிகளைக் கிளிமீன் போன்றவை மேய்ந்து அப்புறப்படுத்துவதால்தான் பவளத்துக்கு இடமும் வெளிச்சமும் கிடைக்கின்றன. ரொட்டிக்குப் பழகிய மீன் மேய்ச்சலைக் குறைத்துக்கொள்ளும். சன்ஸ்கிரீனையும் இயன்றவரை தவிர்த்து, முழுக்கைச் சட்டை அணியச் சொல்லுங்கள். ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன் களிம்புகள் பவளத்துக்கு ஊறு செய்யும் என்பதால், ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது.

எடுத்துவருவதைப் பொறுத்தவரை, கல்போன்ற கூடு கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளன. மால்வண் கடற்பகுதியோ 1987 முதல் சரணாலயம். கரை ஒதுங்கிய துண்டையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே மும்பையில் குடியேறிய குடும்பத்தினருக்கு இது புதிதன்று. அங்கே மீனவர்கள் 'பார்' என்று அழைக்கும் பவளத்திட்டுகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்ததில், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. ஆய்வகத்துக்குப் படம் போதும்.

கேள்வி: எங்கள் வகுப்பிலும் மால்வண் போகிறார்கள். கட்டணம் கட்ட வீட்டில் வசதியில்லை. பவளத்தைப் பார்க்க எனக்கு வேறு வழி உண்டா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தாராவி

பதில்: உண்டு, மகளே, அதுவும் உன் மும்பையிலேயே. ஹாஜி அலி, வொர்லி கரையோரப் பாறைகளில், சேறு கலந்த இந்த நீரையும் தாங்கிக்கொண்டு பவளம் வாழ்கிறது. 2020-இல் கடற்கரைச் சாலைப் பணிக்காக அங்கிருந்து சில திட்டுகளைப் பெயர்த்து வேறிடத்தில் பதித்தார்கள் என்பதே, அவை இருப்பதற்கான சான்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் வெகுதூரம் உள்வாங்கும். அலை அட்டவணையைப் பார்த்து, நீர் முழுதும் வடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, பெரியவர் ஒருவரின் துணையோடு, வழுக்காத செருப்பு அணிந்து போ. பாறைக்குழியில் தேங்கிய நீருக்குள், உள்ளங்கையளவு சாம்பல் நிறத் திட்டும் அதன்மேல் நெருக்கமான சிறு குழிகளும் தெரிந்தால், குனிந்து பார். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருக்கிறது. காலை வெறும் பாறையில் மட்டும் வை. நீர் ஏறத் தொடங்கியதும் கரைக்குத் திரும்பிவிடு.