பயொப்சியில "லிம்போசைட் நிறைய" எண்டு எழுதியிரிக்கு, அது நல்லதா கெட்டதா?

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்திலரிந்து ஒரு மகள் கேட்டிரிக்கா. அவட அப்பாக்கு 61 வயசு, வயல் செய்யிறவரு, நாப்பது வருசமா சுருட்டும் பீடியும் விட்டதில்ல. நோவு ஒண்டும் இல்லாம சலத்தோட ரெத்தம் போயிரிக்கு, சூடு எண்டு நினைச்சு ரெண்டு மாசமா செவ்விளநீரும் வெந்தயமும் குடிச்சுப் பாத்திட்டு மறுகாதான் ஆஸ்பத்திரிக்கு வந்திரிக்காரு. சலப்பைக்குள்ள கட்டி, சலம் போற வழியால குழாய் விட்டு சுரண்டி எடுத்தாச்சு. ரிப்போர்ட்டில சலப்பைக் கான்சர், டி1 (உள்தோலத் தாண்டி அதுக்கடுத்த படைக்குள்ள இறங்கினது), ஹை கிரேட் (வேகமா வளரக்கூடிய வகை), தசை இரிக்கு ஆனா தசைக்குள்ள போகல்ல எண்டு போட்டு, கடைசியில "லிம்போசைட் அடர்த்தியா இரிக்கு" எண்டும் ஒரு வரி. சுவிஸில இரிக்கிற அண்ணன் நெட்டில வாசிச்சிட்டு இது நல்ல சகுனம் எண்டு சொல்றாராம், மாமா ஒருத்தர் இல்ல, நோய் கிளம்பிட்டு எண்டு சொல்றாராம். டொக்டர் இன்னொருக்கா சுரண்டணும், மறுகா பிசிஜி மருந்து விடணும் எண்டிரிக்காரு. திரும்ப ஒபரேஷன் தேவையா, காசநோய்க் கிருமிய சலப்பைக்குள்ள விடுறது ஆபத்தில்லையா, வீட்டில எட்டு மாசக் குழந்தையும் இரிக்கே எண்டு கேக்கிறா.

மகள், நேரா சொல்லிடுறன். அந்த வரி கெட்ட செய்தியில்ல, ஆனா அதை மட்டும் வெச்சு அப்பா தப்பிட்டாரு எண்டு சொல்லவும் ஏலா. லிம்போசைட் எண்டது கான்சர் செல் இல்ல, நம்மட உடம்பிட வெள்ளணு, காவலுக்கு வந்தது, அதால மாமா பயப்பிடத் தேவையில்ல. அண்ணன் வாசிச்சதும் பொய்யில்ல, ஆனா அது வேற கட்டத்தில இரிக்கிற நோயாளிகளப் பத்தினது.

நான் வருசக்கணக்கா மைக்ரொஸ்கோப்புல பாக்கிறது இதத்தான். ரோசும் ஊதாவுமா சாயம் போட்ட கண்ணாடித் துண்டில கான்சர் செல் பெருசு பெருசா, ஒழுங்கில்லாம, நடுவில இரிக்கிற கரு கறுத்துப்போய்க் கிடக்கும், அதுக்கிடையில லிம்போசைட் கடுகு கொட்டுண்ட மாதிரி சின்னச் சின்ன நீலப் புள்ளியா தெரியும். அந்தச் சாயத்தில எல்லாக் கடுகும் ஒரே மாதிரித்தான். கான்சர் செல்லக் கொல்லுற சிடி8 செல் எது, அந்தக் கொல்லுறவனையே "சும்மா இரு" எண்டு அடக்குற செல் எது எண்டு பிரிச்சறிய வேற விசேஷ சாயம் வேணும். அதை வழமையா எல்லாருக்கும் போடுறல்ல, போட்டாலும் அப்பாட இப்போதைய நிலையில வைத்தியம் அதால மாறப் போறதும் இல்ல.

உங்கட பக்கம் யானைக் காவல் தெரியுந்தானே. பரணில ஆள் இரிக்கு எண்டா மட்டும் வயல் தப்பிடாது. ஆள் வயலுக்குள்ள நிக்குதா, வரம்புக்கு வெளியால நிக்குதா, முழிச்சிரிக்கா, கையில யானைவெடி இரிக்கா எண்டெல்லாம் இரிக்கு. சில கட்டியில காவல் செல் எல்லாம் சுத்திவர இரிக்கிற நார் இழையத்தில மாட்டுப்பட்டு உள்ளுக்குப் போகேலாம நிக்கும், சில கட்டியில உள்ளுக்க போயும் கான்சர் செல் பிடிக்கிற பிரேக்கால ஒண்டும் செய்யேலாம நிக்கும். அந்த பிரேக்கக் கழட்டுற வழியக் கண்டதுக்குத்தான் 2018ல ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொன்ஜோவுக்கும் நோபல் பரிசு குடுத்தது. பெம்ப்ரொலிசுமாப் எண்ட மருந்து அந்த வகை, சரியான விலை, பரவின நோய்க்கும் பிசிஜி கேக்காத சில பேருக்கும் பாவிக்கிறது. அப்பாக்கு இப்ப அந்தக் கதையே இல்ல, அதுக்காக ஆரும் காணியை ஈடு வெக்க ஓட வேணாம்.

அண்ணன் வாசிச்சது அனேகமா 2007ல வந்த ஆய்வின்ட வழி வந்ததாத்தான் இரிக்கும். 69 பேரிட கட்டியப் பாத்து, சிடி8 செல் கூட இரிந்தவங்க கூடக் காலம் நல்லா இரிந்தாங்க எண்டு கண்டாங்க, தசைக்குள்ள இறங்கின கான்சரிலதான் அது தெளிவாத் தெரிஞ்சது. அப்பாட கட்டி தசைக்குள்ள இறங்கல்ல. இந்த மேல்மட்டக் கட்டியில ஆய்வுகள் ஒண்டுக்கொண்டு ஒத்துப்போகல்ல, அதால அந்த வரியப் பாத்து சந்தோசமும் வேணாம் கவலையும் வேணாம்.

உங்கட ரிப்போர்ட்டில உண்மையிலயே எனக்கு நிம்மதி தந்த சொல் "தசை இரிக்கு" எண்டது. தசைத் துண்டு அம்புடாத ரிப்போர்ட்டில "தசைக்குள்ள போகல்ல" எண்டு எழுதுறதுக்குப் பெறுமதியில்ல, பாக்காத இடத்தப் பத்தி என்னத்தச் சொல்ற? மத்தது, "இன் சிட்டு" எண்டு ஒரு சொல் எங்கயும் இரிக்கா எண்டு டொக்டரிட்ட கேளுங்க, அது தட்டையாப் படர்ந்திரிக்கிற வகை, இரிந்தா கூடக் கவனம் வேணும்.

ரெண்டாந்தரம் சுரண்டுறது தேவையா எண்டா, தேவை மகள், தள்ளிப்போட வேணாம். முதல் தரம் எவ்வளவு வடிவாச் சுரண்டினாலும் டி1 கட்டியில மூண்டில ஒரு பங்குக்கு மேலானவங்களுக்கு மிச்சம் இரிக்கும், சில பேருக்கு ஆழமாப் போனது அப்பதான் தெரிய வரும். ரெண்டு கிழமைக்குப் பிறகு, ஆறு கிழமைக்குள்ள செஞ்சா நல்லம். வெள்ளாமை வெட்டு முடியட்டும் எண்டு அப்பா சொல்லுவாரு, விடாதீங்க.

பிசிஜி எண்டது உங்கட குழந்தைட இடது தோளில தழும்பு வெச்ச அதே காசநோய்த் தடுப்பூசிட கிருமிதான். வலு குறைச்ச கிருமி. 1976ல கனடாவில மொராலெஸ் எண்ட டொக்டர் அதை சலப்பைக்குள்ள விட்டுப் பாத்து எழுதினாரு, அண்டேலரிந்து இண்டு வரைக்கும் இந்தக் கட்டத்துக்கு அதுதான் முன்னுக்கு நிக்குது. கிருமி போய் கான்சரத் தின்னுறல்ல, அது சலப்பைத் தோலில ஒட்டி ஒரு கூப்பாடு போடும், அதைக் கேட்டு வெள்ளணு கூட்டங்கூட்டமா வரும். அதாவது நீங்க ரிப்போர்ட்டில பாத்த காவலாளிய இன்னும் நூறு மடங்கு கூப்பிட்டு எழுப்பி விடுற வேலை. கிழமைக்கு ஒருக்கா ஆறு தரம், மறுகா ஒண்டு தொடக்கம் மூணு வருசத்துக்கு இடைக்கிடை.

மருந்து விட்டா ரெண்டு மணித்தியாலம் சலத்த அடக்கி வெச்சிரிக்கணும். அண்டைக்கு ஆறு மணித்தியாலத்துக்குப் போற சலத்தில பிளீச் ஊத்தி 15 நிமிசம் விட்டு மறுகா தண்ணி ஊத்தணும், குந்தியிருந்துதான் போகணும், தெறிக்கக் கூடாது. கைய சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு குழந்தையத் தூக்கலாம், அம்மப்பாவையும் பேரப்பிள்ளையையும் பிரிச்சு வெக்க வேணாம். ரெண்டு நாள் எரிவும் அடிக்கடி சலமும் லேசான காய்ச்சலும் இரிக்கும், காய்ச்சல் நல்லா ஏறி அடுத்த நாளும் விடாட்டி உடனே வார்டுக்குப் போங்க. விடுறதுக்கு முதல் சலத்தில ரெத்தமோ கிருமித் தொற்றோ இரிந்தாலும், அப்பா பிரெட்னிசலோன் மாதிரி எதிர்ப்புச்சக்திய அடக்குற குளிசை எடுத்தாலும் கட்டாயம் சொல்லணும்.

இதில ஒரு விசயத்தில நிறையப் பேர் பிழை விடுறாங்க. பிசிஜி போற காலத்தில யூரின் ஃபுல் ரிப்போர்ட் எடுத்தா "பஸ் செல்" நிறைய எண்டுதான் வரும். அது அந்தக் கூப்பாட்டுக்கு வந்த வெள்ளணு. அதைக் கண்டு பாமசியில சிப்ரொபிளொக்ஸசின் வாங்கிக் குடுத்தீங்கண்டா சலப்பைக்குள்ள விட்ட பிசிஜியையே அது சாகடிச்சிரும். கிளினிக்கில காட்டாம ஒரு அன்டிபயொட்டிக்கும் வேணாம்.

எதிர்ப்புச்சக்தி கூட்டுற பவுடர் எண்டு விக்கிறதில காசக் கரியாக்காதீங்க. நாட்டு மருந்தில ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி ரெண்டில எது சேந்திரிந்தாலும் அறவே வேணாம், அதிலரிக்கிற அரிஸ்டொலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தையும் பழுதாக்கும், இதே சலவழிக் கான்சரையும் உண்டாக்கும், அது நிரூபிச்ச விசயம். சுருட்ட விட்டே ஆகணும், இந்தக் கான்சருக்கு முதற்காரணம் அதுதான்.

எத்தின வருசம் எண்டு நீங்க கேக்காம விட்டாலும் மனசில அதுதான் நிக்கும். தசைக்குள்ள போகாத நிலையில, வைத்தியத்த ஒழுங்காச் செய்யிற பெரும்பாலானவங்க அஞ்சு வருசத்தத் தாண்டி நல்லா இரிக்காங்க. ஆனா இது கிறுகிக் கிறுகி வாற நோய், அதால முதல் ரெண்டு வருசம் மூணு மாசத்துக்கொருக்கா கமெரா விட்டுப் பாக்கணும், அஞ்சு வருசம் வரைக்கும் ஆறு மாசத்துக்கொருக்கா, மறுகா வருசத்துக்கொருக்கா. ரெத்தம் போகல்ல எண்டு ஒரு தவணையும் விடக் கூடாது.

ரெண்டாவது ஒபரேஷன் மட்டக்களப்பிலயோ மகரகம கான்சர் ஆஸ்பத்திரியிலயோ, முதல் செஞ்ச இடத்த விட்டு வேற இடத்தில எண்டா, ரிப்போர்ட் மட்டும் கொண்டு போறது காணாது. பயொப்சி பாத்த இடத்தில எழுத்தில கேட்டு அந்தக் கண்ணாடித் துண்டையும் கட்டித் துண்டு பதிச்ச மெழுகு பிளொக்கையும் வாங்கிக் கொண்டு போங்க. மெழுகு உருகும், பஸ்ஸில வெயில் படுற ஜன்னல் பக்கம் வெக்காதீங்க, ஒரு டப்பாவில பஞ்சு சுத்தி மடியில வெச்சிட்டுப் போங்க.