வாசகர் கேள்வி பதில்: யாரோட செலவுல காணிக்கை?

கேள்வி: ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலி குடுக்கப் போனதையே என்னால ஏத்துக்க முடியல, இப்ப பைபிள்ல நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரம் படிச்சதுலேருந்து தூக்கமே போச்சு. யெப்தாங்கிற இஸ்ரவேல் தலைவன் பெத்த பொண்ணையே பலியா குடுக்கிறான், தேவன் ஏன் தடுக்கல? இதுல எங்க ஜெபக்குழுவுல ஒரு அண்ணன் வேற, "அம்மாவைப் பாத்துக்கணும்னு ஊழியத்துக்கு வராம இருக்கீங்க, தேவனுக்கு முதலிடம் குடுக்கல"ன்னு லூக்கா 14:26ஐக் காட்டுறாரு. அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. நான் செய்றது தப்பா?
(பேர் வேண்டாம்னு கேட்ட வாசகி)

பதில்: தப்பே இல்ல சிஸ்டர். அதை முதல்லயே சொல்லிடறேன், மத்ததைப் பொறுமையா பேசலாம்.

யெப்தா கதையில ஒண்ணு கவனிங்க, அவன் பண்ணின பொருத்தனையை, அதாவது தேவனுக்கு நேர்ந்துக்கிட்டதை, அவன்கிட்ட யாருமே கேக்கல. 29ஆம் வசனத்துலயே கர்த்தருடைய ஆவி அவன்மேல இறங்கியாச்சு, அதுக்கப்புறம்தான் இவனா, அம்மோனியரை ஜெயிச்சுட்டு வந்தா வீட்டு வாசல்லேருந்து எது எதிர்ல வந்தாலும் பலி குடுக்கறேன்னு பேரம் பேசுறான். மிஸ்பாவுக்குத் திரும்பினா ஒரே பொண்ணு தம்புரு வாசிச்சு ஆடிக்கிட்டு வருது, அவளைப் பாத்து இவன் என்ன சொல்றான், என்னைக் கலங்க வச்சிட்டியேங்கிறான்! பழியும் அவ மேலயே. இத்தனைக்கும் பொருத்தனை பண்ணின ஆளை வெள்ளி கட்டி மீட்டுக்க லேவியராகமம் 27ல வழி இருக்கு, 5லேருந்து 20 வயசுக்குள்ள பொண்ணுன்னா 10 சேக்கல். அவ சாகல, கடைசி வரைக்கும் கன்னியா இருந்தான்னு சிலர் விளக்கம் சொல்வாங்க, எனக்கு அது சமாதானமா இல்ல. தேவன் ஏன் தடுக்கலன்னு அந்த அதிகாரம் சொல்லல, ஆனா பாராட்டவும் இல்ல. பிள்ளைகளை நெருப்புல போடுறதை நான் கட்டளையிடல, என் மனசுல தோணவும் இல்லன்னு எரேமியா 7:31ல கர்த்தரே சொல்றாரு.

ஆபிரகாம் விஷயம் இன்னும் கஷ்டம், ஏன்னா அங்க கேட்டதே தேவன். தேவன் அழிக்கப் போன சோதோம் ஊருக்காக 50 நீதிமான்ல ஆரம்பிச்சு 10 வரைக்கும் வாதாடின மனுஷன், சொந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை பேசல. "சும்மா டெஸ்ட்தானே"ன்னு பிரசங்கத்துல ஈசியா கடந்து போறாங்க, கட்டைக்கு மேல கட்டிக் கிடந்த பையனுக்கு அது டெஸ்டா தெரிஞ்சிருக்குமா? கத்தி இறங்காம தடுத்ததும் அதே தேவன்தான், நான் கெட்டியா புடிச்சுக்கிறது அந்த இடத்தைத்தான், மிச்சம் எனக்கும் உறுத்துது, உறுத்தட்டும்.

இப்ப உங்க அண்ணன் காட்டுன வசனம். அப்பா அம்மாவை வெறுக்கணும்னு வர்ற அதே வசனத்துல "தன் ஜீவனையும்"னு இருக்கு, அடுத்ததுல தன் சிலுவையைச் சுமக்கணும்னு இருக்கு. அதாவது விலை நம்ம கையிலேருந்து போகணும். அம்மா பசியோட கிடக்க நாம ஊழியத்துக்குப் போனா குடுத்தது யாரு, அம்மாதானே? மாற்கு 7ல இயேசு சண்டை போட்டதே இதுக்குத்தான், பெத்தவங்களுக்குச் சேர வேண்டியதை "கொர்பான்", காணிக்கைன்னு சொல்லிட்டு கைகழுவுனவங்ககிட்ட. அவரே சிலுவையில தொங்கும்போதும் தாயை ஒரு சீஷன் கையில ஒப்படைச்சிட்டுத்தான் போறாரு.

அடுத்த தடவை அந்த அண்ணன் கேட்டா வாக்குவாதம் வேண்டாம். ஜெபக்கூட்டத்தை உங்க வீட்லயே வைக்கலாமான்னு கேளுங்க, ஒரு ராத்திரி அம்மா பக்கத்துல உக்கார ஆள் அனுப்ப முடியுமான்னும் சேத்துக் கேளுங்க.