குள்ளப் பல்லிகள் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

பெரம்பூரில் இருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி இருபது வருஷம் ஆகிறது, அதில் பாதி பல்லி, ஓணான், அரணை என்றே போனது. போன வாரம் ஒருவர் மின்சார நீலத்தில் ஒரு பல்லியின் படத்தை அனுப்பி, இது நிஜமா, பெயின்ட் அடித்ததா என்று கேட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

தண்டையார்பேட்டை: அந்த நீலப் பல்லி உண்மையிலேயே இருக்கிறதா சார்?

இருக்கிறது. லைகோடாக்டைலஸ் வில்லியம்சி. ஆப்பிரிக்கக் குள்ளப் பல்லிகள் என்று சொல்லும் லைகோடாக்டைலஸ் பேரினத்தில் ஒன்று. இந்தப் பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இருக்கின்றன, ஒன்றிரண்டு மட்டும் அட்லாண்டிக்கைத் தாண்டி பிரேசில் பக்கம் வாழ்கின்றன. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் உங்கள் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

எல்லாமே நீலமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நிறைய இனங்கள் மரப்பட்டை நிறத்தில் பழுப்பும் சாம்பலுமாகத்தான் இருக்கும். வில்லியம்சியிலும் ஆண் மட்டுமே அந்த நீலம், தொண்டையில் கறுப்புப் பட்டை இருக்கும். பெண் பச்சையும் வெண்கலப் பழுப்பும் கலந்த நிறம். ஆணுமே குளிரிலும் பயத்திலும் கருத்துப்போகும்.

வண்ணாரப்பேட்டை: நம் வீட்டுப் பல்லிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

முதல் வித்தியாசம் கண். இரவு ஒன்பது மணிக்கு டியூப் லைட் பக்கத்தில் ஈசலுக்குக் காத்திருக்கிறதே, அந்தப் பல்லியின் கண்ணை டார்ச் அடித்துப் பாருங்கள், கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்புப் பாப்பா செங்குத்துக் கீறலாகச் சுருங்கும். அது இரவில் நடமாடும் பிராணி. குள்ளப் பல்லி பகலில் வேட்டையாடும், அதன் பாப்பா வட்டம். நம் மலைகளிலும் பகலில் நடமாடும் வட்டக்கண் பல்லிகள் உண்டு, நெமாஸ்பிஸ் என்ற பேரினம். ஆனால் அவற்றின் விரலில் ஒட்டும் தட்டு கிடையாது, நகத்தை ஊன்றித்தான் பாறையில் ஏறும்.

இரண்டாவது வால், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். குள்ளப் பல்லியின் வால் நுனிக்கு அடியில், விரலுக்கு அடியில் இருப்பது போலவே, நுண்மயிர் கொண்ட ஒட்டுச் செதில்கள் வரிசையாக இருக்கும். ஐந்தாவது கால் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில வருஷம் முன்பு ஒரு மீன் கடையில் தெர்மோகோல் பெட்டிக்குள் ஸ்வீட் பாக்ஸ் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றில் நீலம் போய் ஈயம் போலக் கருத்த ஒரு ஆண். கடைக்காரர் டப்பாவைச் சாய்த்ததும் முன்னங்கால் இரண்டும் வழுக்கிவிட்டது, ஆனால் வால் நுனி மட்டும் பிளாஸ்டிக்கில் வெள்ளையாக அப்பிக்கொண்டு உடம்பு முழுக்கத் தாங்கியது. வெளியில் இருந்து பார்த்தபோது அந்தச் செதில் வரிசை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்த வால் அறுந்து புதிதாக முளைத்தாலும் ஒட்டுச் செதிலும் சேர்ந்தே முளைக்கும். வனத்துறைக்குச் சொன்னேன். மறுநாள் அந்தப் பெட்டி அங்கே இல்லை.

கொளத்தூர்: என்ன விலை இருக்கும்? எங்கே கிடைக்கும்?

சொல்ல மாட்டேன். வாங்காதீர்கள்.

எண்ணூர்: இது எந்தக் காட்டில் இருக்கிறது? எங்கள் பக்கம் மாதிரி கடலோரமா?

கடலோரம் இல்லை, ஆனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த செடி ஒன்று இதில் இருக்கிறது. டான்சானியாவில் மொரோகோரோ பக்கம், ஊலுகுரு மலையடிவாரத்தில், கிம்போசா என்று ஒரு தாழ்நிலக் காடு. சுண்ணாம்புப் பாறை மேல் நிற்கும் சின்னக் காடு, சில சதுர கிலோமீட்டர்தான். அதற்குள்ளும் எல்லா மரத்திலும் இந்தப் பல்லி இருக்காது. ஒரே ஒரு வகைத் தாழை, பாண்டனஸ் ராபாயென்சிஸ், அதில்தான் இருக்கும்.

நம் ஊர்த் தாழைக்குச் சொந்தக்காரன்தான். கடலோரத் தாழம்புதரை நினைத்துக்கொள்ளுங்கள், விளிம்பெல்லாம் முள்ளோடு வாள் மாதிரி இலை, தண்டைச் சுற்றித் திருகித் திருகிப் போகும் அடுக்கு. கிம்போசாவில் அந்த இலைகள் ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். இலை தண்டோடு சேரும் கவட்டில் மழைத் தண்ணீர் தேங்கும், பூச்சி வரும், ஒளிய இடமும் கிடைக்கும், பல்லிக்கு வீடு கிணறு கடை எல்லாம் அங்கேயேதான். பெரும்பாலும் ஒரு செடிக்கு ஒரு பெரிய ஆண், கூட ஒன்றோ இரண்டோ பெண். முட்டை ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் கிடையாது, பட்டாணி அளவு.

இப்போது பிடிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன். உயரத்தில் முள்ளுக்குள் இருக்கும் பல்லியை எட்ட முடியாது என்று தாழையையே வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். பல்லி போகிறது, அடுத்த பல்லி வாழ வேண்டிய செடியும் போகிறது. 2004 கடைசியிலிருந்து 2009 நடுவரை பல்லி பிடிக்கும் ஒரே ஒரு கூட்டம் மட்டும் 32,000க்கும் மேல் பிடித்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சில சதுர கிலோமீட்டர் காட்டில்! போதாததற்கு வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட செட்ரெலா மரம் அந்தக் காட்டுக்குள் பரவித் தாழையை நெருக்குகிறது. 2012இல் ஐயுசிஎன், அதாவது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், இந்தப் பல்லியை மிகவும் அழியும் நிலையில் உள்ள இனம் என்று அறிவித்தது. சைட்டிஸ் என்பது காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அதன் 2016 ஜோகன்னஸ்பர்க் மாநாட்டுக்குப் பிறகு 2017 தொடக்கத்திலிருந்து இந்தப் பல்லி அதன் முதல் பட்டியலில் இருக்கிறது, அதாவது காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கவே கூடாது.

ராயபுரம்: அண்ணா, என் மகளுக்குப் பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

மேலே இருப்பதை ஒருமுறை படித்துவிட்டு மகளிடமும் சொல்லுங்கள். அவளே வேண்டாம் என்பாள்.

கொளத்தூர், வேறொருவர்: நான் அலங்கார மீன் பண்ணை வைத்திருக்கிறேன். மிஸ் கேரளா மீனையும் இப்படித்தான் ஆற்றில் இருந்து அள்ளினார்கள். இப்போது தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறோம். இந்தப் பல்லியையும் வளர்ப்பில் பெருக்கினால் காட்டுக்கு நல்லதுதானே? எங்களைத் திருடன் மாதிரி பேசுகிறீர்கள்.

உங்களைச் சொல்லவில்லை. குஞ்சு பொரிக்க வைக்கும் கையும் பொறுமையும் கொளத்தூர்க்காரர்களுக்கு இருப்பது தெரிந்தே பேசுகிறேன். ஐரோப்பாவில் இந்தப் பல்லியை வளர்ப்பில் பெருக்கத்தான் செய்கிறார்கள், அது முடியாத காரியம் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மீன் ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டை போடும். இது இரண்டு. பொரித்த குஞ்சு எறும்பு அளவுப் பூச்சியைத்தான் தின்னும், அதற்குத் தனியாகப் பூச்சி வளர்க்க வேண்டும், மாதக்கணக்கில் காக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒருவன் அரிவாளோடு காட்டுக்குள் போனால் ஒரு நாளில் பை நிறையக் கொண்டுவருவான். எது மலிவாகச் சந்தைக்கு வரும்?

அதே பண்ணைக்காரர்: காகிதம் பார்த்து வாங்கினால்?

எந்தக் காகிதம்? வில்லியம்சியை ஏற்றுமதி செய்ய டான்சானியா அனுமதியே கொடுத்தது கிடையாது, ஆனாலும் ஆயிரக்கணக்கில் வெளியே போனது. வேறு குள்ளப் பல்லியின் பெயரை எழுதி அனுப்பினார்கள். பெண்ணும் குட்டியும் பழுப்பாக இருக்கும்போது விமான நிலையத்தில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

புளியந்தோப்பு, இடையில் வந்தவர்: அப்போ காட்டிலும் வெட்டுகிறார்கள், வீட்டிலும் வளர்க்கக் கூடாது என்றால் பல்லி எங்கே போகும்?

தாழைக்குத்தான் போகும் அம்மா. வெட்டுவதையும் பிடிப்பதையும் நிறுத்தி, செட்ரெலாவையும் ஒதுக்கினால் அதற்கு வேறு உதவி பெரிதாகத் தேவையில்லை. வளர்ப்பில் உள்ள கூட்டம் ஒரு சேமிப்பு என்று வாதாடலாம், அதற்குப் பரம்பரை தெரிந்து, பதிவு வைத்து, விற்காமல் வளர்க்கும் இடம் வேண்டும். கடையில் இருந்து வீட்டுக்குப் போகும் ஜோடி அந்தக் கணக்கில் சேராது. பண்ணைக்காரருக்கு என் கருத்து பிடிக்கவில்லை என்று தெரிகிறது, பரவாயில்லை, நேரில் வாருங்கள், மிஸ் கேரளா எப்படிப் பொரிக்கிறது என்று எனக்கும் பார்க்க ஆசை.

வியாசர்பாடி: லைசென்ஸ் எடுத்தால் வைத்துக்கொள்ளலாமா?

2022இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சைட்டிஸ் பட்டியல் பிராணியை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நடைமுறையை வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். வாங்கும் எண்ணத்தில் கேட்டால், வாங்காதீர்கள்.

மாதவரம்: மற்ற குள்ளப் பல்லிகளும் இப்படி அழிகின்றனவா?

இல்லை, சில நன்றாகவே இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் கேப் குள்ளப் பல்லி, லைகோடாக்டைலஸ் கேபென்சிஸ், நர்சரிச் செடிகளோடு லாரியில் போய்ப் புதுப்புது ஊர்களில் குடியேறியிருக்கிறது. எறும்பும் கரையானும் கிடைத்தால் போதும் அதற்கு.

கென்யாவில் லைக்கிபியா பக்கம் இருக்கும் இன்னொரு குள்ளப் பல்லி, லைகோடாக்டைலஸ் கெனியென்சிஸ், அதன் கதையைக் கேளுங்கள். அங்கே பல இடங்களில் ஊதல் முள் என்ற வேலமரம்தான். யானை வந்து கிளையை முறித்துப் பட்டையைக் கிழித்துப் போகும். நமக்கு அது நாசமாகத் தெரியும். ராபர்ட் பிரிங்கிள் என்ற ஆய்வாளர் 2008இல் காட்டினார், இந்தப் பல்லி அதிகம் இருப்பது யானை முறித்த மரங்களில்தான். பிளந்த கட்டையில் ஒளிய இடுக்கு கிடைக்கிறது. ஆறு டன் பிராணி மிதித்து ஒடித்ததில் ஒரு கிராம் பிராணிக்கு வீடு. கரையான் புற்றுக்குப் பக்கத்திலும் பல்லி கூடுதல், பூச்சி அங்கே அதிகம் என்பதால்.

மணலி: சாப்பாட்டில் பல்லி விழுந்தால் விஷமா?

பல்லிக்கு விஷம் கிடையாது. அதன் எச்சத்தில் கிருமி இருக்கலாம், அதனால் அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிடுங்கள்.

கொருக்குப்பேட்டை: பல்லி விழுந்த பால் குடித்துவிட்டேன், விஷமா?

மேலே பார்க்கவும். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

மூலக்கடை: இடது தோளில் விழுந்தால் என்ன பலன்?

அது பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் கேட்க வேண்டியது.

ராயபுரம், மறுபடியும்: மகளிடம் படித்துக் காட்டினேன் அண்ணா. வேண்டாம் என்றுவிட்டாள். வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறாள்.

நல்ல டார்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரவு எட்டரைக்கு மேல் சுவர் விளக்குப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். கண், விரல், வால் மூன்றையும் வரைந்து அனுப்பட்டும். எந்த இனம் என்று நான் சொல்கிறேன்.