விண்டோஸ், லினக்ஸ், மேக், டிவி எல்லாம் கலந்திருக்கும் வீட்டில், ரிப் செய்த படங்களைத் திக்காமல் பார்ப்பது எப்படி?

சொந்த டிவிடி, ப்ளூரே வட்டுகளை ரிப் செய்து, அதாவது ஃபைல்களாக நகலெடுத்து, விண்டோஸ் கணினியில் வைத்திருக்கிறீர்கள். அங்கே நன்றாக ஓடும் படம் ஹாலில் உள்ள ஆண்ட்ராய்டு டிவியிலும் மகளின் மேக்கிலும் திக்குகிறது, ரவுட்டரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ரவுட்டருக்குச் செலவு செய்யாதீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டிவிடியில் படமும் ஒலியும் சேர்ந்தே நொடிக்கு ஏறக்குறைய 10 மெகாபிட்தான் உச்சம். சாதாரண ப்ளூரேயில் வீடியோவின் உச்சம் 40. பழைய 100 மெகாபிட் கேபிள் இணைப்பே இதற்குத் தாராளம். 4கே ப்ளூரே மட்டும் விதிவிலக்கு. அது சில காட்சிகளில் 100-ஐத் தாண்டும். பல டிவிகளின் லேன் போர்ட் 100 மெகாபிட்டோடு நின்றுவிடுவதால், அங்கே கேபிளைவிட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மேல். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸில் டிவியை வைத்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில்தான் மோதிக்கொள்ளும்.

பெரும்பாலும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கும். எம்கேவி, எம்பி4 என்ற ஃபைல் வகைகள் எல்லாம் வெறும் டப்பா. உள்ளே இருக்கும் வீடியோ, ஆடியோ, சப்டைட்டில் மூன்றையும் பார்க்கும் கருவி புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று புரியாவிட்டாலும் சர்வர், அதாவது படத்தை அனுப்பும் கணினி, அதை அந்த நேரத்திலேயே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். இந்த டிரான்ஸ்கோடிங்தான் கணினியைத் திணறடிக்கிறது, படம் நிற்கிறது.

எங்கள் வீட்டிலும் இதே கலவைதான். ஒரு லினக்ஸ் கணினியில், வீட்டுக் கருவிகளுக்குப் படங்களை அனுப்பும் சர்வர் மென்பொருளான ஜெல்லிஃபின் ஓடுகிறது. இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸிலும் மேக்கிலும்கூட நிறுவலாம். வெறும் ஃபோல்டர் பகிர்வும், டிவியில் கோடி (Kodi) என்ற பிளேயர் செயலியும் போதும் என்பவர்கள் உண்டு. ஒரே டிவி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். நான்கு விதமான கருவிகள் என்றால் ஜெல்லிஃபின்தான். விட்ட இடத்திலிருந்து வேறு அறையில் தொடரலாம் என்பது ஒரு வசதி. அதைவிடப் பெரிது, அதன் டாஷ்போர்டு: யார் எதைப் பார்க்கிறார்கள், நேரடியாக ஓடுகிறதா, மாற்றப்படுகிறதா, மாற்றப்பட்டால் ஏன் என்று காட்டிவிடும். டிவியில் படத்தை ஓடவிட்டு அதை ஒருமுறை பாருங்கள்.

அங்கே அடிக்கடி தென்படும் காரணங்களைச் சொல்கிறேன். மேக்கில் பிரவுசர் வழியாகப் பார்த்தால், டிவிடியில் இருக்கும் எம்பெக்-2 வீடியோ பிரவுசருக்குப் புரியாது. ஜெல்லிஃபினின் டெஸ்க்டாப் செயலியைப் போட்டால் நேரடியாகவே ஓடும். டிவியில் ஆடியோவைப் பாருங்கள். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ் ஒலியைக் கைவிட்டது, மற்ற சில டிவிகளிலும் அது கிடையாது. மூன்றாவது சப்டைட்டில், இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. வட்டிலிருந்து வரும் சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். டிவி செயலிக்கு அது புரியாவிட்டால், சர்வர் அதை வீடியோவின் மேலேயே பதித்து முழுப் படத்தையும் மாற்ற வேண்டிவரும். எழுத்து வடிவ எஸ்ஆர்டி ஃபைலை, யுடிஎஃப்-8 (யூனிகோட்) குறியாக்கத்தில், படத்தின் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லை.

புதிதாக ரிப் செய்பவற்றை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 8 பிட் எச்.264 வீடியோ, ஏஏசி ஆடியோ என்று ஒருமுறை மாற்றிவிடுங்கள். டிவிடிக்கு, அதில் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் 20 போதும். அதற்கு அடுத்து வந்த ஹெச்இவிசி (எச்.265) வீடியோ இடத்தை மிச்சப்படுத்தும்தான், ஆனால் பழைய லேப்டாப் அதில் தடுமாறும். இப்படி வைத்துக்கொண்டால் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கணினிகூட சர்வராக இருக்கலாம். அதனிடம் டிரான்ஸ்கோடிங் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஃபைல் பெயர்களிலும் கவனம் வேண்டும். லினக்ஸ் பெயரில் கோலன், கேள்விக்குறியை அனுமதிக்கும், விண்டோஸ் அனுமதிக்காது. தமிழில் பெயர் வைத்தால் இன்னொன்று: பழைய மேக் கோப்பு முறை ‘கோ’, ‘பொ’ போன்ற எழுத்துகளின் உயிர்மெய்க் குறியை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், லினக்ஸுக்கு வேறு பெயர். அதனால் படத்துக்கும் எஸ்ஆர்டிக்கும் பொருத்தம் விட்டுப்போகலாம். எனவே ஃபைலுக்கு ஆங்கில எழுத்தில் பெயரும் அடைப்புக்குறியில் வெளியான ஆண்டும் வையுங்கள். தமிழ்த் தலைப்பை ஜெல்லிஃபினுக்குள் கொடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், பழைய மீடியா பெட்டி ஏதாவது பகிர்வைக் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காக விண்டோஸில் எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை மீண்டும் இயக்காதீர்கள். 2017-ல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அந்தப் பெட்டிக்காக ஜெல்லிஃபினில் டிஎல்என்ஏ (வீட்டுக் கருவிகள் படம், பாட்டு பகிரும் பொது முறை) பிளகினைப் போட்டுப் பாருங்கள். சர்வருக்கு ரவுட்டரில் நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிட்டால், மின்சாரம் போய் வந்த பிறகு ஒவ்வொரு கருவியிலும் முகவரியைத் திரும்ப அடிக்க வேண்டியிருக்காது.