நிறத்தை வைத்து இனம் சொல்லலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் அட்டையில் அந்த நீலத் தவளை வந்ததிலிருந்து தவளைக் கேள்விகளாகவே வந்துகொண்டிருக்கின்றன. எனக்கு ரொம்ப சந்தோஷம். விலங்கியல் பாடம் எடுத்த காலம் முழுக்க, நீர்நில வாழ்வன வகுப்பு வந்துவிட்டால் நான் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன். கோஸ்டா ரிகாவில் லா செல்வா ஆய்வு நிலையத்துக் காட்டில், அந்த நீலத் தவளையின் கூட்டமான நச்சு அம்புத் தவளைகளை நேரில் பார்க்கவும் கொடுத்து வைத்தது. எனவே இந்த மாதம் முழுவதும் அவைதான்.

*

அம்மா, அட்டைப் படத்திலிருந்த நீலத் தவளைக்கு எங்கள் நூலகத்துப் பழைய புத்தகத்தில் ‘டென்ட்ரோபேட்ஸ் அசூரியஸ்’ என்று பெயர் போட்டிருக்கிறது. நீங்கள் ‘டென்ட்ரோபேட்ஸ் டிங்டோரியஸ்’ என்று எழுதியிருந்தீர்கள். எது சரி?
– ஒரு கல்லூரி மாணவி

இன்றைய நிலையில் டிங்டோரியஸ்தான் சரி. ஆனால் உங்கள் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது அச்சான காலத்தில் அசூரியஸ் என்பதே ஏற்கப்பட்ட பெயர்.

சுரினாம் நாட்டின் தெற்கே சிபாலிவினி என்றொரு புல்வெளிப் பகுதி இருக்கிறது. அந்தப் புல்வெளிக்கு நடுவே ஆங்காங்கே காட்டுத் திட்டுகள். நீலத் தவளையின் வீடு அந்தத் திட்டுகள்தான். 1969இல் ஹூக்மூட் என்ற டச்சு ஆய்வாளர் இதைத் தனிச் சிற்றினமாக விவரித்தார். உடல் முழுக்க நீலம், மேலே கரும்புள்ளிகள், சுற்றிலும் இருக்கும் உறவுத் தவளைகளிடமிருந்து புல்வெளியால் பிரிந்த வாழ்க்கை. யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள். பிறகு டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சுரினாமிலும் பிரெஞ்சு கயானாவிலும் பிரேசிலின் வடக்கிலும் பரவியிருக்கும் டிங்டோரியஸ் கூட்டத்துக்குள்ளேயே இதுவும் அடங்கிவிடுவது தெரிந்தது. 2006இல் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகு பெரும்பாலானோர் இதை டிங்டோரியஸின் ஒரு நிற வடிவமாகவே கருதுகிறார்கள். டிங்டோரியஸ் என்ற பெயர் மிகப் பழையது. 1797இல் கூவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் விவரித்தது. அதனால் அதற்கே முன்னுரிமை.

நிறத்தை நம்பி இனம் பிரிப்பது இந்தத் தவளைகளிடம் எடுபடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லா செல்வாவில் ஊஃபாகா புமிலியோ என்ற சின்னஞ்சிறு தவளை சிவப்பு உடலும் நீலக் கால்களுமாக இருக்கும். அங்கிருந்து தென்கிழக்கே பனாமாவின் போகாஸ் டெல் டோரோ தீவுக்கூட்டத்துக்குப் போனால் அதே சிற்றினம் ஒரு தீவில் பச்சை, இன்னொன்றில் ஆரஞ்சு, வேறொன்றில் நீலம். பாஸ்டிமென்டோஸ் தீவில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தே வாழ்கின்றன. கடல்மட்டம் உயர்ந்து நிலம் தீவுகளாகத் துண்டானபோது பிரிந்துபோன கூட்டங்கள் இவை. கண்ணை மட்டும் நம்பினால் இவற்றில் பத்து இனமாவது எண்ணிவிடுவோம்.

நேர்மாறாகவும் நடக்கிறது. பெருவின் வடக்கே வாழும் ரானிடோமேயா இமிடேட்டர், ஓரிடத்தில் ரானிடோமேயா வேரியாபிலிஸ் போலவும் வேறோரிடத்தில் ரானிடோமேயா சம்மர்சி போலவும் தோலில் கோலம் கொண்டிருக்கிறது. அங்கே இரண்டு இனங்கள் ஒரே சட்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரே எச்சரிக்கை நிறத்தை இரண்டு இனமும் அணிந்தால், அதைத் தொடக்கூடாது என்று பறவைகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். இரண்டுக்கும் லாபம்.

*

மொத்தம் எத்தனை வகை? எல்லாமே கொடிய விஷமா?
– ஒரு வாசகர்

எண்ணிக்கை, யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டென்ட்ரோபாட்டிடே என்ற குடும்பத்தை எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக வைத்துக்கொள்பவர்கள் 300க்கும் மேல் சொல்வார்கள். 2006இல் டாரன் கிராண்ட்டும் சக ஆய்வாளர்களும் செய்த பெரிய மறுசீரமைப்பில் இது இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டது. டென்ட்ரோபாட்டிடே ஒன்று, அரோமோபாட்டிடே இன்னொன்று. அந்தப் பிரிவினையை ஏற்பவர்களுக்கு முதல் குடும்பத்தில் சுமார் 200 சிற்றினங்கள். பழைய டென்ட்ரோபேட்ஸ் பேரினத்தில் ஒன்றாகக் கிடந்தவையும் இப்போது ஊஃபாகா, ரானிடோமேயா, அடெல்ஃபோபேட்ஸ் என்று தனித்தனிப் பேரினங்கள். பழைய கட்டுரையில் டென்ட்ரோபேட்ஸ் புமிலியோ என்று படித்தால், நான் மேலே சொன்ன ஊஃபாகா புமிலியோதான் அது.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: இல்லை. பாதிக்குப் பாதி வகைகள் பழுப்பு நிறத்தில், சருகோடு சருகாக, நஞ்சே இல்லாமலோ மிகச் சொற்பமாகவோ வாழ்கின்றன. பத்திரிகைகள் அவற்றைப் படம் எடுப்பதில்லை, அவ்வளவுதான். எனக்கு அது வருத்தம். வெனிசுவேலாவின் மேகக் காட்டில் அரோமோபேட்ஸ் நாக்டர்னஸ் என்று ஒன்று உண்டு. 1991இல் விவரிக்கப்பட்டது. இந்தக் கூட்டத்திலேயே பெரியது, இரவில் உலவுவது, ஓடை நீரிலேயே கிடப்பது, பிடித்தால் சகிக்க முடியாத நாற்றம் விடுவது. மற்றவை பெரும்பாலும் பகலில் திரியும், தரையில் வாழும். இதுவோ எல்லாவற்றிலும் எதிர்ப்பக்கம். இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கூட்டத்தின் முழு முகம் தெரியும்.

*

அமேசான் காட்டுப் பழங்குடிகள் எல்லோரும் இந்தத் தவளை விஷத்தைத்தான் அம்பில் தடவுகிறார்களா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

ஐயா, இது பரவலாக இருக்கும் எண்ணம். அமேசான் பகுதியில் அம்புக்கும் ஊதுகுழாய் ஈட்டிக்கும் பயன்பட்டது பெரும்பாலும் குராரே, அது செடிகொடிகளிலிருந்து காய்ச்சி எடுப்பது. தவளை நஞ்சைப் பயன்படுத்தியவர்கள் ஆண்டிஸ் மலைக்கு மறுபுறம், கொலம்பியாவின் பசிபிக் கரைக் காடுகளில் வாழும் எம்பெரா மக்கள். அவர்களும் எல்லாத் தவளையையும் தொடவில்லை. ஃபில்லோபேட்ஸ் பேரினத்தில் டெர்ரிபிலிஸ், பைகலர், ஆரோடேனியா ஆகிய மூன்று மட்டும்தான். இவற்றில் பைகலரையும் ஆரோடேனியாவையும் குச்சியில் குத்தி நெருப்பருகே காட்டி நஞ்சு கசியவைப்பார்கள். டெர்ரிபிலிஸுக்கு அதுகூட வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே அதன் முதுகில் ஊதுகுழாய் ஈட்டியின் முனையைத் தேய்த்தால் போதும்.

டெர்ரிபிலிஸ் கவுகா மாநிலத்தில் சைஹா ஆற்றை ஒட்டிய தாழ்நிலக் காட்டுத் தவளை. பொன் மஞ்சள் நிறம், நீளம் ஐந்து சென்டிமீட்டருக்குள். 1978இல் மயர்ஸ், டேலி, மால்கின் மூவரும் இதை விவரித்தார்கள். ஒரு தவளையின் தோலில் ஒரு மில்லிகிராம் அளவுக்கு பாட்ராக்கோடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். நரம்பிலும் தசையிலும் சோடியம் நுழையும் வாயில்களை அது மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். இதயம் நின்றுபோகும். சில பாம்புகளுக்கு மட்டும் இந்த நஞ்சு அவ்வளவாக உறைப்பதில்லை. எரித்ரோலாம்ப்ரஸ் எபினெஃபாலஸ் என்ற பாம்பு இளம் டெர்ரிபிலிஸைத் தின்றிருக்கிறது.

*

உயிரியல் பூங்காக்களில் இவற்றை வெறுங்கையால்கூடக் கையாள்கிறார்களாமே? விஷத்தை எடுத்துவிடுவார்களா?
– பள்ளி மாணவன், ஒன்பதாம் வகுப்பு

நல்ல கேள்வி தம்பி. எதையும் எடுப்பதில்லை. அங்கே பிறந்த தவளைக்கு நஞ்சே வராது.

இந்தத் தவளைகள் நஞ்சைத் தாமாகத் தயாரிப்பதில்லை. காட்டுத் தரையில் சருகுக்கடியில் இருக்கும் எறும்பு, சிற்றுண்ணி, மரவட்டை, சிறு வண்டு ஆகியவற்றைத் தின்று, அவற்றிலுள்ள ஆல்கலாய்டு எனும் நச்சுப் பொருள்களைச் சிதையாமல் தோல் சுரப்பிகளுக்குக் கொண்டுபோய்ச் சேமிக்கின்றன. இதைக் கண்டுபிடித்த கதை அருமையானது. 1932இல் பச்சையும் கறுப்புமான டென்ட்ரோபேட்ஸ் ஆரேட்டஸை பனாமாவிலிருந்து கொண்டுபோய் ஹவாயின் ஓவாஹு தீவில் விட்டார்கள். கொசு ஒழிப்புதான் நோக்கம். அவை அங்கே நிலைத்துப் பெருகின. பல ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்து வேதியியலாளர் ஜான் டேலி அவற்றின் தோலைச் சோதித்தார். நஞ்சு இருந்தது, ஆனால் பனாமா உறவினரின் அதே கலவை அல்ல. கூண்டில் பழ ஈ தின்று வளர்ந்த ஆரேட்டஸ் குஞ்சுகளிடமோ ஆல்கலாய்டே இல்லை. தாய்நிலத்துச் சருகுப் பூச்சிகளைக் கொடுத்து வளர்த்தால் மறுபடி நஞ்சு ஏறியது.

அந்த நஞ்சு அந்த மண்ணுடையது. ஒரு தவளையின் தோலைச் சோதித்தால் அந்தக் காட்டில் என்னென்ன பூச்சி ஊர்கிறது என்பதே தெரியவரும். அதே பாட்ராக்கோடாக்சின் வகை நஞ்சு நியூ கினியாவில் பிடோஹுயி என்ற பறவையின் இறகிலும் தோலிலும் இருப்பது 1992இல் வெளிவந்தது. கடல் கடந்த அந்தத் தீவில் அது வந்த வழி, அங்குள்ள கோரெசின் என்ற வண்டு.

*

மடகாஸ்கரிலும் இதே போன்ற வண்ணத் தவளைகளைப் பார்த்தேன். அவையும் இந்தக் குடும்பமா?
– ஒரு வாசகி

இல்லை. அவை மான்டெல்லா, வேறு குடும்பம். அவையும் எறும்பு தின்று நஞ்சு சேர்த்து, பளிச்சென்ற நிறம் பூண்டு, பகலில் நடமாடும். ஆனால் இந்த வழியை அவை தனியாகக் கண்டுகொண்டவை. நச்சு அம்புத் தவளைகள் மத்திய, தென் அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக எங்கும் இல்லை.

*

அவை வாழும் இடம் எப்படி இருக்கும்? மர உச்சியிலா, தண்ணீரிலா?
– ஒரு வாசகர்

வடக்கே நிகராகுவா, தெற்கே பொலிவியா, கிழக்கே பிரேசில் வரை பரப்பு. பெரும்பாலானவை தாழ்நில மழைக்காட்டின் தரையில், சருகிலும் விழுந்த மரங்களின் வேர் இடுக்கிலும். சில மேகக் காட்டில் ஏறி வாழ்கின்றன. அமீரெகா ஃப்ளாவோபிக்டா போன்றவை பிரேசிலின் செராடோ எனும் வறண்ட புல்நிலத்தில் பாறை ஓடைகளை ஒட்டி இருக்கின்றன. எனவே ‘மழைக்காட்டுத் தவளை’ என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு தவளைக்கு வாழ்நாள் முழுக்க ஓரிடம் போதாது என்பதுதான். புமிலியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை ஈரச் சருகில் இடப்படும். ஆண் அதை ஈரப்படுத்திக் காக்கும். தலைப்பிரட்டை வெளிவந்ததும் தாய் முதுகில் ஏற்றிக்கொண்டு, அன்னாசிக் குடும்பத்துச் செடிகளான ப்ரோமிலியாட் இலைக்கக்கத்தில் தேங்கிய நீரில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக விடும். ஒரு கக்கத்துக்கு ஒரு குஞ்சு. அந்த ஒரு வாய் தண்ணீரில் உணவு ஏது? அதனால் தாய் சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வந்து, கருவுறாத முட்டையை அதில் இடும். தாய் வந்ததும் தலைப்பிரட்டை உடலை விறைப்பாக்கி நடுங்கிக் காட்டும். அது பசியைச் சொல்லும் வழி. அந்த முட்டை வழியாகவே தாயின் நஞ்சும் குஞ்சுக்குப் போகிறது என்பது 2014இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. லா செல்வாவில் ஒரு தாய், முதுகில் குஞ்சோடு ஒரு செடித் தண்டில் மேலே மேலே ஏறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். உடல் நீளம் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அது ஏறியது என் தலைக்கு மேலே.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெரிய மரங்களை வெட்டிவிட்டு, தரையை மட்டும் விட்டுவைத்தால் போதுமா? சருகு இருக்கும், எறும்பு கொஞ்சம் இருக்கும், நீர் தேங்கும் ப்ரோமிலியாட் இருக்காது. குஞ்சு வளராது. புமிலியோ தோட்டங்களிலும்கூடச் சமாளித்து வாழக்கூடியதுதான். அதன் உறவினர் பலருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

*

இவற்றை வீட்டில் வளர்க்க ஆசை. வாங்கலாமா?
– ஒரு கல்லூரி மாணவர்

காட்டிலிருந்து பிடித்ததை வாங்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

டென்ட்ரோபேட்ஸ், ஃபில்லோபேட்ஸ் தவளைகள் 1987 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டஸ்’ ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதியின்றி நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. 2019இல் பொகோட்டா விமான நிலையத்தில் 400க்கும் மேற்பட்ட தவளைகள் பிடிபட்டன. கொலம்பியாவின் ஊஃபாகா லெமானி, மிகக் குறுகிய பரப்பில் மட்டும் வாழும் தவளை, பெரும்பாலும் இந்த வியாபாரத்தால்தான் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. வழியிலேயே எத்தனையோ இறந்துபோகின்றன. இதற்கு மாற்றாக, ஐவான் லொசானோ என்பவர் தொடங்கிய ‘டெசோரோஸ் தே கொலம்பியா’ பண்ணை, அதே இனங்களைச் சட்டப்படி இனப்பெருக்கம் செய்து ஏற்றுமதி செய்கிறது. கடத்தல்காரனின் சந்தையையே பிடுங்கிவிடும் அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுத்து, பண்ணையில் பிறந்தது என்பதற்கு ஆவணமும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அப்படி வாங்கினாலும் ஒன்று: வளர்த்த தவளையையோ அதன் தொட்டி நீரையோ வெளியே விடாதீர்கள். உலகெங்கும் தவளைகளைக் கொன்று குவிக்கும் கைட்ரிட் பூஞ்சை 1999இல் விவரிக்கப்பட்டபோது, ஆய்வுக்கு எடுத்த மாதிரி வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் இறந்த ஒரு நீல நச்சு அம்புத் தவளையிலிருந்து வந்தது. தொற்று உள்ள தவளை சில நேரம் நலமாகத் தெரியும். தொட்டி நீரை ப்ளீச்சிங் கலந்து, சில மணி நேரம் வைத்திருந்த பிறகு கொட்டுங்கள்.