ஒருத்தர் ‘மாஸ்’ என்கிறார், இன்னொருத்தர் ‘மொக்கை’ என்கிறார்: டிக்கெட் எடுக்கலாமா?

இந்த முறை வந்தவை எல்லாமே சினிமா டிக்கெட்டைச் சுற்றிய கேள்விகள். சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ‘வேற லெவல்’ என்று நண்பர்கள் சொன்னதை நம்பி, புதிதாக வந்த ஒரு பெரிய நடிகரின் படத்துக்குக் குடும்பத்தோடு போனோம். நாலு பேருக்கு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். இடைவேளைக்கு முன்பே என் மனைவி தூங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே படத்தை ‘மரண மொக்கை’ என்று இன்னொரு கூட்டம் எழுதியிருக்கிறது. டிக்கெட் ஆப்பில் மட்டும் 10-க்கு 8-க்கு மேல் மதிப்பெண். யாரை நம்பிப் பணம் செலவழிப்பது? (சேலம் வாசகர்)

பதில்: இரண்டு கூட்டமுமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதல் நாள் முதல் காட்சிக்குப் போகிறவர் பேனர், பாலாபிஷேகம், விசில், பேப்பர் மழை எல்லாம் சேர்ந்த திருவிழாவுக்குப் போகிறார். 2023 ஜனவரியில் சென்னைத் தியேட்டர் ஒன்றின் வாசலில், நள்ளிரவுக் காட்சிக்கு வந்த ரசிகர் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி கிடைப்பதில்லை. பெரிய படங்களுக்கும் காலை 9 மணிதான். அதுவரை பொறுக்காமல் பாலக்காட்டுக்கோ பெங்களூருக்கோ போய் விடியற்காலையில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போய் வந்தவர் மைக்கைப் பார்த்து ‘சுமார்’ என்பாரா? அவர் வாங்கியது திருவிழா, நீங்கள் வாங்கியது ஞாயிற்றுக்கிழமை மதியம்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. நூறு பேரில் 60 பேர் பத்துக்குப் பத்தும், 40 பேர் ஒன்றும் போட்டால் சராசரி 6.4. இன்னொரு படத்துக்கு 60 பேர் ஆறும், 40 பேர் ஏழும் போட்டாலும் அதே 6.4 தான். முதலாவது, ரசிகர்களும் எதிரணி ரசிகர்களும் அடித்துக்கொண்ட படம். இரண்டாவது, யாருக்கும் பெரிதாகக் குறையில்லாத படம். எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. சதவீதம் போடும் தளங்களில் குழப்பம் வேறு மாதிரி. ராட்டன் டொமேட்டோஸில் வரும் சதவீதம், எத்தனை விமர்சகர்கள் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்ற பக்கம் நிற்கிறார்கள் என்பதற்கான கணக்கு. எல்லா விமர்சகரும் ‘ஏதோ பரவாயில்லை’ என்றாலும் நூறு சதவீதம் வந்துவிடும். அதைப் படத்தின் மதிப்பெண் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

அதனால் எண்ணை விட்டுவிட்டு வாசகத்தைப் படியுங்கள். நம் ஊர் விமர்சன மொழிக்கு ஒரு அகராதியே போடலாம். ‘ரசிகர்களுக்கு விருந்து’ என்றால் மற்றவர்களுக்குப் பட்டினி. ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்றால் ஓடிடியில் பார்க்கலாம். ‘டெக்னிக்கலா சூப்பர்’ என்றால் கதையைப் பற்றிக் கேட்காதே. ‘முதல் பாதி கொஞ்சம் லேக்’ என்று ரசிகரே ஒப்புக்கொண்டால், உங்கள் மனைவி தூங்கிய இடம் அதுதான். நல்லது, கெட்டது என்ற தீர்ப்பைத் தள்ளிவிட்டு, படம் எவ்வளவு நீளம், வெட்டுக்குத்து எவ்வளவு, பிள்ளைகளோடு பார்க்க முடியுமா, பாட்டு எத்தனை என்ற தகவல்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள். இவற்றில் ரசிகரும் எதிரியும் பெரிதாகச் சண்டை போட மாட்டார்கள்.

இன்னொரு வழி, ஆள் பிடிப்பது. உங்கள் ரசனையோடு ஒத்துப்போகிற ஒருவர் கிடைத்தால் நல்லது, முழுக்க எதிராக இருக்கிற ஒருவர் கிடைத்தால் அதைவிட நல்லது. என் அத்தை மகன் ஒருவன் இருக்கிறான். அவன் ‘ஒரே அழுகை, ஒண்ணுமே நடக்கல’ என்று சொன்னால் அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுவேன். இதுவரை அவன் என்னைக் கைவிட்டதில்லை.

அப்புறம், அவசரம் இல்லையென்றால் திங்கள்கிழமை வரை பொறுங்கள். சனி, ஞாயிறு குடும்பத்தோடு போனவர்கள் பேசத் தொடங்கியிருப்பார்கள். உங்களுக்கு வேண்டிய கருத்து அதுதான். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், சந்தேகமான படத்தை விட்டுப் பிடிப்பதிலும் நஷ்டமில்லை.

கேள்வி: நான் தொடர்ந்து பார்க்கும் யூடியூப் விமர்சகர் இப்போதெல்லாம் எல்லாப் படத்தையும் பாராட்டுகிறார். காசு வாங்கிக்கொண்டு பேசினால் சட்டப்படி குற்றமா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: காசு வாங்குவதை விட, வாங்கியதை மறைப்பதுதான் தப்பு. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பணம் மட்டுமில்லாமல், இலவசப் பொருள், பயணம், ஓட்டல் அறை, தள்ளுபடி என எது கிடைத்திருந்தாலும், இது விளம்பரம் என்று பார்ப்பவருக்கு எளிதில் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும். வீடியோவுக்குக் கீழே நாற்பது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவில் ஒளித்துவைத்தால் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, கேளிக்கையையும் ‘சேவை’ என்ற வரையறைக்குள் வைத்திருப்பதால் சினிமா இதற்கு வெளியே போய்விடாது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம்.

ஆனால் ‘எனக்குப் பிடித்திருந்தது’ என்று ஒருவர் சொன்னால், அவர் காசு வாங்கினார் என்று நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும். அது லேசுப்பட்டதில்லை. நான் செய்வது எளிய சோதனை: அவர் கடைசியாக எந்தப் பெரிய படத்தைக் குறை சொன்னார் என்று பின்னோக்கிப் பார்ப்பேன். ஒரு வருடமாக ஒன்றுமே இல்லையென்றால் சேனலை மாற்றிவிடுவேன். எல்லாவற்றையும் திட்டுகிறவருக்கும் இதே சோதனை. திட்டினால்தான் பார்வை எகிறும் என்பது இப்போது தனித் தொழில்.

இணையத்தில் வாடிக்கையாளர் கருத்துகளை வெளியிடுகிற நிறுவனங்களுக்காக ஐ.எஸ். 19000 என்ற தர நெறியை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் கொண்டுவந்தது. எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்ப்பது உட்பட நல்ல விஷயங்கள் அதில் இருக்கின்றன. விருப்பப்பட்டவர் பின்பற்றலாம் என்று வந்ததால் பல் இல்லாத பாம்பு.

கேள்வி: படம் பிடிக்காமல் பாதியில் எழுந்து வந்தால் பணம் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், தர மாட்டார்கள். நீங்கள் வாங்கியது இருக்கையும் காட்சியும்தான். ரசனைக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஏ.சி. ஓடவில்லை, ஒலி கேட்கவில்லை, காட்சி ரத்தானது என்றால் அது சேவைக் குறைபாடு. அங்கே உங்கள் பக்கம் வலுவானது. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

டெல்லி, குருகிராம் பக்கம் 2024 டிசம்பரில் ஒரு பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனம் வேடிக்கையான திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. டிக்கெட்டுக்குப் பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால், பாதியில் எழுந்து போகிறவருக்கு மீதிப் படத்தின் அளவுக்கேற்ப ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். முக்கால்வாசிக்கு மேல் பாக்கி இருந்தால் 60 சதவீதம். நம் ஊருக்கு வந்தால் சில படங்களுக்கு இடைவேளையில் கவுண்டரில்தான் கூட்டம் நிற்கும்.

கேள்வி: 12 வயது மகனோடு போனோம். ‘ஏ’ சான்றிதழ் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். பணம் போனதுதானா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: பெரும்பாலும் போனதுதான், வருத்தமாக இருக்கிறது. ‘ஏ’ படத்துக்கு 18 வயதுக்குக் குறைந்தவரை, பெற்றோர் கூட இருந்தாலும், தியேட்டர் உள்ளே விடக் கூடாது. 2025 ஆகஸ்ட்டில் ‘கூலி’ வந்தபோது பல குடும்பங்களுக்கு இதுதான் நடந்தது. சான்றிதழை யு/ஏ-வாக மாற்றக் கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் போட்ட மனுவையும் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. முன்பதிவின்போது சான்றிதழ் விவரத்தை ஆப் காட்டவே இல்லை என்றால் மட்டும் திரும்பக் கேட்டுப் பாருங்கள். இப்போது யு/ஏ-விலும் 7+, 13+, 16+ என்று மூன்று பிரிவுகள் உண்டு. அவை பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. அதற்காக வாசலில் நிறுத்த மாட்டார்கள்.

கேள்வி: தண்ணீர் பாட்டிலைக்கூடப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களே?

பதில்: வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது. குழாய் எங்கே என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: படம் நன்றாக இல்லை என்று முகநூலில் எழுதினேன். ரசிகர்கள் வந்து திட்டுகிறார்கள். ‘மூணு நாளைக்கு ரிவியூ போடக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு, கேஸ் போடுவோம்’ என்கிறார் ஒருவர். பயமாக இருக்கிறது. (மதுரை வாசகர்)

பதில்: அப்படித் தடை கேட்டுத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது உண்மை. 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்றும் சொன்னது. காசு கொடுத்துப் பார்த்த நீங்கள் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்கு யாரும் கேஸ் போட முடியாது. நடிகரின் சொந்த வாழ்க்கையைப் பற்றி இல்லாததைச் சொன்னால்தான் வம்பு.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறு. பதிவோடு ஹீரோ அறிமுகக் காட்சியைத் தியேட்டரில் செல்போனில் பிடித்துப் போட்டிருந்ததாகப் போகிற போக்கில் சொல்கிறீர்கள். 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, அனுமதியின்றித் திரையைப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதமும் 3 லட்சம் ரூபாயில்தான் தொடங்குகிறது. விமர்சனம் இருக்கட்டும், அந்த வீடியோவை இன்றைக்கே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருந்தால் அதையும்.