'நன்றி' போட்டால் போதுமா?

கேள்வி: பழைய நகைச்சுவைப் படம் ஒன்றின் காட்சிகளை வெட்டி, வரிசை மாற்றி, திகில் படத்தின் ட்ரெய்லர் மாதிரி நான்கு நிமிட வீடியோ செய்தேன். ஆசைக்குச் செய்ததுதான், ஒரு பைசா வருமானம் இல்லை. 'எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே, நன்றி' என்றும் கீழே போட்டேன். யூடியூபில் ஏற்றிய சில நிமிடங்களில் 'இது எங்களுடையது' என்று ஒரு காப்பிரைட் கோரல் வந்து வீடியோ முடங்கிவிட்டது. 1:12 முதல் 1:50 வரை என்று காட்டுகிறது. அந்த இடத்தில் படத்தின் பாட்டு ஒன்று ஓடும். எதிர்த்து எழுதலாமா?

பதில்: எழுதலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் அந்த 'நன்றி' வரி. அடுத்தவர் வண்டியைக் கேட்காமல் எடுத்துப்போய், 'வண்டி அவருடையது' என்று பின்னால் எழுதி ஒட்டினால் ஆயிற்றா? நன்றி வேறு, அனுமதி வேறு. உரிமை யாருடையது என்று தெரிந்தேதான் எடுத்தேன் என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரியும் ஆகிவிடும். பத்து விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்று சொல்வார்களே, அப்படி ஒரு கணக்கும் சட்டத்தில் கிடையாது.

காசு வாங்காதது உங்களுக்குச் சாதகம்தான், ஆனால் அது மட்டும் போதாது. அமெரிக்காவின் 1976 சட்டத்தில் 'நியாயமான பயன்பாடு' என்று ஒன்று இருக்கிறது. எதற்காக எடுத்தீர்கள், மூலப்படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலத்தின் வியாபாரம் கெடுமா என்று நான்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். காசுக்காகச் செய்த பகடிப் பாட்டும் நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்று 1994-இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. கனடாவில் 2012 முதல் வணிக நோக்கமில்லாத ரீமிக்ஸுகளுக்குச் சில நிபந்தனைகளோடு தனி விலக்கே உண்டு. இந்தியாவின் 1957 சட்டம் கொஞ்சம் இறுக்கம். 52-ஆம் பிரிவு சொந்தப் பயன்பாடு, விமர்சனம், செய்தி என்று நோக்கங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. ரீமிக்ஸ் என்று அதில் தனியாக எதுவும் இல்லை.

இப்போது உங்கள் வீடியோவுக்கு வருவோம். சில நிமிடங்களில் கோரல் வந்தது என்றால், அனுப்பியது மனிதர் இல்லை. கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம். உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் ஒலியோடும் படத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உங்கள் கிண்டல் அதற்குப் புரியாது. நான்கு நிமிடத்தில் அது பிடித்தது 38 விநாடி, அதுவும் பாட்டு. காட்சிகளின் மேல் இப்போதைக்கு யாரும் கை வைக்கவில்லை. பாட்டின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடம் இருக்காது, இசை நிறுவனத்திடம் இருக்கும். அதாவது நன்றியைக்கூட ஆள் மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள்!

வெளிப்படையாகச் சொல்கிறேன். சிரிப்புக் காட்சியைத் திகிலாக்கியதில் உங்கள் கைவேலை தெரிகிறது, அதற்காக வாதாட இடம் இருக்கிறது. பாட்டை மட்டும் இருந்தபடியே பின்னணியில் ஓடவிட்டிருக்கிறீர்கள். அதற்காக வாதாடுவது வீண். யூடியூப் ஸ்டூடியோவில் அந்தப் பகுதியை வெட்டவோ, பாட்டை மட்டும் நீக்கவோ, வேறு இசை வைக்கவோ வசதி இருக்கிறது. அதைச் செய்து முடித்தால் இந்தக் கோரல் விலகிவிடும். படத்தை இடவலமாகத் திருப்புவது, குரலின் சுருதியை ஏற்றுவது போன்ற தந்திரங்கள் வேண்டாம். இயந்திரம் ஏமாறுமோ இல்லையோ, நீங்கள் பாடுபட்டுச் செய்த வீடியோ அசிங்கமாகிவிடும்.

பிறகு காட்சிகளுக்கே கோரல் வந்தால் எதிர்த்து எழுதுங்கள். பதில் சொல்ல எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு. 'நான் ரசிகன்' என்று எழுதாதீர்கள், எதை எப்படி மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். கோரல் வேறு, ஸ்ட்ரைக் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். வீடியோவையே நீக்கச் சொல்லி சட்டப்படி நோட்டீஸ் வந்தால்தான் ஸ்ட்ரைக், அதாவது சேனல் மேல் விழும் எச்சரிக்கை. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடலாம். அந்த நோட்டீஸை எதிர்த்து, வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லி எதிர் அறிவிப்பு கொடுத்தால் உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த் தரப்பின் கைக்குப் போகும், அவர்கள் வழக்கும் போடலாம். அந்தக் கட்டம் வந்தால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். 2007-இல் அமெரிக்காவில் ஒரு தாய், தன் குழந்தை பாட்டுக்கு ஆடும் 29 விநாடி வீடியோவைப் போட்டார். இசை நிறுவனம் அதை நீக்க வைத்தது. அவர் வழக்குப் போட்டார். நோட்டீஸ் அனுப்பும் முன் நியாயமான பயன்பாடா என்று யோசித்துப் பார்க்க வேண்டும் என 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் எட்டு வருடம் ஆயிற்று, பாருங்கள்.

உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அந்த 38 விநாடியில் பாட்டை எடுத்துவிட்டு, கதவு கிரீச்சிடும் சத்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். நீங்களே வீட்டில் பதிவு செய்ததாக இருக்கட்டும். திகில் படத்துக்குப் பாட்டைவிட அது நன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.